பொட்டி அதேதான், தட்டு மட்டும் வேற

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் ஒரு நாள் இந்தப் பிரச்னை வரும். பொட்டி நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே இடம் இல்லை. கல்யாண வீடியோ, காது குத்து போட்டோ, எம்பி3 பாட்டு எல்லாம் ரொம்பி வழிகிறது. புதுசாக ஒன்று வாங்கிவிடலாம். இல்லையென்றால் பொட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் வன்தட்டை (அதாங்க, ஹார்ட் டிஸ்க்) எடுத்துவிட்டு அதைவிடப் பெரிசாக ஒன்றை மாட்டலாம். நாலு ஸ்க்ரூ, பத்து நிமிஷ வேலை என்பார் கடைக்காரர். ஸ்க்ரூ கழட்ட பத்து நிமிஷம்தான், உண்மை. மற்ற வேலைக்குத்தான் நாளாகும்.

மனுஷன் இந்த வேலையை ரொம்ப காலமாகச் செய்துகொண்டு வருகிறான். எழுதி வைத்தது இடம் கொள்ளாமல் போகும், அல்லது எழுதிய பொருள் கெட்டுப் போகும். உடனே வேறொன்றுக்கு மாற்றுவான். எங்க ஊர்ப் பக்கம், திருமலைக் கோயிலுக்குள்ளேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. நான் சித்தூர்க்காரன். ஊரை விட்டு வந்து வருஷம் பல ஆனதால் ஊர்ப் பெருமை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் தட்டின் கதையை முடித்துவிடுவோம்.

1956-இல் ஐபிஎம் கம்பெனி ராமாக் என்று ஒரு இயந்திரத்தைக் கொண்டு வந்தது. உலகத்தில் விற்பனைக்கு வந்த முதல் ஹார்ட் டிஸ்க் அதில்தான் இருந்தது. இரண்டடி விட்டத்தில் 50 தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. எடை ஏறக்குறைய ஒரு டன். அவ்வளவு பெரிய சாமானில் கொண்டது 50 லட்சம் எழுத்துகள்தான். 1962-இல் அதே கம்பெனி 1311 என்ற மாடலில் ஒரு புது வசதி செய்தது. வாஷிங் மெஷின் மாதிரி ஒரு பொட்டி, அதற்குள் இருக்கும் தட்டு அடுக்கை மட்டும் தூக்கு வாளி மாதிரி கழட்டி எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம். "பொட்டி அப்படியே, தட்டு வேற" என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது.

ஆனால் தட்டைக் கழட்டி மாட்டும்போது தூசி போகும். படிக்கும் முனைக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடி அளவுகூடக் கிடையாது. அதனால் 1973-இல் வந்த 3340 மாடலில் (வின்செஸ்டர் என்று செல்லப் பெயர்) தட்டையும் படிக்கும் முனையையும் சேர்த்து ஒரே உறைக்குள் மூடிவிட்டார்கள். இன்றைக்கு நாம் கையில் எடுக்கிற ஹார்ட் டிஸ்க் அந்த வம்சம்தான். 1980-இல் 5 எம்பி கொள்ளும் ஐந்தேகால் இஞ்ச் தட்டு, 1988-இல் 20 எம்பி கொள்ளும் இரண்டரை இஞ்ச் தட்டு என்று உருவம் சுருங்கியது. 2000-இல் யுஎஸ்பி 2.0 வந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு சின்ன அலுமினியப் பொட்டிக்குள் லேப்டாப் தட்டைப் போட்டு பையில் தூக்கிக்கொண்டு திரிகிற பழக்கம் ஊரெங்கும் பரவியது.

அந்தப் பொட்டிக்குள் தட்டைத் தவிர சின்னதாக ஒரு சர்க்யூட் போர்டு இருக்கும். தட்டு பேசுவது ஐடிஇ அல்லது சாட்டா பாஷை. கம்ப்யூட்டர் வாசலில் பேசுவது யுஎஸ்பி பாஷை. நடுவில் மொழிபெயர்க்கிற சில்லு அது. கும்பெனிக் காலத்தில் துரைக்கும் ஊர்க்காரருக்கும் நடுவில் துபாஷி நிற்பார் இல்லையா, அவரேதான். நான் இனி துபாஷி என்றே சொல்கிறேன்.

தட்டை மாற்றுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது துபாஷியை. பழைய துபாஷிகள் சிலருக்கு 137 ஜிபி வரைக்கும்தான் எண்ணத் தெரியும், முகவரிக்கு 28 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கப்புறம் வந்த பலருக்கு 2.2 டிபி வரைக்கும் தெரியும், அது 32 பிட் கணக்கு. அதற்கு மேல் போனால் கணக்கு தப்பும். வேறு சில துபாஷிகள் தட்டில் எழுதும்போதே சங்கேத மொழியில் மாற்றி எழுதுவார்கள், நீங்கள் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும்கூட. தட்டை வெளியே எடுத்து நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஒரு எழுத்து படிக்க முடியாது. தட்டு நல்ல தட்டு, எழுதியதும் அப்படியே இருக்கிறது, படிக்கத் தெரிந்தவர்தான் பழைய பொட்டியோடு போய்விட்டார்.

இந்த இடத்தில்தான் எனக்குத் திருமலை ஞாபகம் வருகிறது.

திருமலையில் சுவாமி தரிசனம் முடித்து உண்டியல் பக்கம் வருவோம். கையில் மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை, பின்னாலிருந்து ஜனம் தள்ளுகிறது, யாரும் எதிரே திரும்பிப் பார்ப்பதில்லை. உண்டியலுக்கு எதிர்ப்பக்கம் கல்லால் கட்டிய ஒரு சின்ன அறை இருக்கிறது. சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர். தாளப்பாக்கம் அறை என்றும் சொல்வார்கள். பாட்டுகளை வைப்பதற்கென்றே கட்டிய அறை.

தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் காலம் 1408 முதல் 1503 வரை. கடப்பா பக்கம், ராஜம்பேட்டைக்கு அருகில் உள்ள தாளப்பாக்கம் அவருடைய ஊர். வேங்கடவன் மேல் தெலுங்கில் பாடிக்கொண்டே இருந்தார். 32,000 பாட்டு என்று அவர் பேரன் எழுதிய சரித்திரம் சொல்கிறது. அந்தக் காலத்தில் நம் பக்கம் எதையும் எழுதி வைக்க ஓலைதான். எழுத்தாணியால் கீறி, மை தடவி, துளை போட்டு, கயிறு கோத்துக் கட்டி வைப்பது. ஓலையை ராமபாணப் பூச்சி தின்னும், ஈரம் அரிக்கும். சில தலைமுறைகளுக்கு ஒருமுறை புதுசாகப் பிரதி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் போச்சு.

அன்னமாச்சாரியாரின் மகன் பெத்த திருமலாச்சாரியார் இதை யோசித்திருக்கிறார். பதினாறாம் நூற்றாண்டு, விஜயநகரத்தில் அச்சுதராயர் ஆட்சி (1529–1542). திருமலாச்சாரியார் வசதியான மனிதர், கோயிலுக்கு அவர் செய்த கட்டளைகள் பல அங்குள்ள கல்வெட்டுகளில் இருக்கின்றன. அப்பாவின் பாட்டுகளையும் குடும்பத்தார் பாட்டுகளையும் செப்புத் தகட்டில் வெட்ட ஏற்பாடு செய்தார். செப்புப் பட்டயம் என்றால் ராஜா நிலம் கொடுத்ததற்கு ஆதாரமாகச் சில ஏடுகள் வெட்டுவார்கள். இவர் வெட்ட வைத்தது இரண்டாயிரத்துக்கும் மேலே! பாட்டுக்காக இவ்வளவு செம்பு செலவழித்த குடும்பம் நம் நாட்டில் வேறு இருக்கிறதா தெரியவில்லை. ஓலையிலிருந்து செம்புக்கு. அந்தக் காலத்தின் மிகப் பெரிய அப்கிரேடு இது.

பெரிய தகடுகளில் வழக்கமாகப் பக்கத்துக்கு மூன்றாக ஆறு பாட்டு. பாட்டின் தலைப்பில் ராகத்தின் பெயர். ஆத்யாத்மம், சிருங்காரம் என்று இரண்டு வகையாகப் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். இன்று கைவசம் உள்ளவை பன்னிரண்டாயிரத்துக்கு மேல். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டுக்கு 600 எழுத்துக்குறி, மொத்தம் 13,000 பாட்டு என்று வைத்தால் 78 லட்சம். 1956-இன் ராமாக் ஒன்றில் இது கொள்ளாது, இரண்டு வேண்டும். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பென் டிரைவில் ஒரு மூலைகூட நிரம்பாது.

சரி, செம்பில் வெட்டிக் கல் அறையில் வைத்தாயிற்று. காப்பாற்றியாயிற்றா?

1565-இல் விஜயநகரம் வீழ்ந்தது. ஆதரித்த அரசர்கள் போனார்கள். பாடுகிற வழக்கமும் மெல்லக் குறைந்தது. தகடுகள் கெடவில்லை. அவற்றில் என்ன இருக்கிறது என்பதுதான் வெளியே மறந்து போயிற்று.

1816-இல் கேம்ப்பெல் என்ற கும்பெனி அதிகாரி சென்னையில் ஒரு தெலுங்கு இலக்கண நூல் வெளியிட்டார். (தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து வந்தவை இல்லை, தனிக் குடும்பம் என்று எல்லிஸ் துரை முதன்முதலில் அச்சில் எழுதியது இந்த நூலின் முன்னுரைப் பகுதியில்தான்.) திருப்பதியில் செப்பேடுகள் குவிந்து கிடக்கின்றன, அவற்றில் பழைய தெலுங்கு இலக்கணம் இருக்கலாம் என்று கேம்ப்பெல் கேள்விப்பட்டிருக்கிறார். ஆள் விட்டுப் பார்த்தார். இலக்கணம் இல்லை, சாமி மேல் பாட்டுகள்தான் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். அப்போது திருப்பதி வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. சித்தூர் தனி ஜில்லா ஆனது 1911-இல்தான். 2022-இல் திருப்பதியும் சித்தூரிலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆகிவிட்டது. ஜில்லாக் கோடுகளை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அறை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கேம்ப்பெல் மேல் எனக்குக் கோபம் இல்லை. இலக்கணம் தேடியவருக்கு இலக்கணம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் நூறு வருஷம்! 1920-களில்தான் சாது சுப்பிரமணிய சாஸ்திரி என்ற கல்வெட்டு அறிஞர் கோயில் கல்வெட்டுகளைப் படிக்கிற வேலையில் இந்தத் தகடுகளை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். தகடுகள் மலையிலிருந்து கீழே திருப்பதிக்கு வந்தன. 1933-இல் மகந்துகளின் நிர்வாகம் முடிந்து தேவஸ்தானக் கமிட்டி வந்தது, 1930-களிலேயே தாளப்பாக்கத்தார் நூல்கள் அச்சேறத் தொடங்கின. வேடூரி பிரபாகர சாஸ்திரி, அவருக்குப் பின் 1950 முதல் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா என்று பெரியவர்கள் உட்கார்ந்து தகடு தகடாகப் படித்துப் பிரதி செய்தார்கள். செம்பிலிருந்து காகிதம். இரண்டாவது அப்கிரேடு.

இனிமேல்தான் விஷயமே.

காகிதத்துக்கு வந்தது பாட்டின் வரிகள், மேலே ராகத்தின் பெயர். எப்படிப் பாடினார்கள் என்பது வரவில்லை, ஏனென்றால் செம்பிலேயே அது இல்லை. ஸ்வரம் எழுதவில்லை. தகடு வெட்டிய காலத்தில் அதற்கு அவசியமும் இல்லை, வீட்டில் எல்லோருக்கும் மெட்டு தெரியும். ராகத்தின் பெயர் இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். போதாது. தகட்டில் இருக்கும் ராகங்களில் சிலவற்றை இன்று கச்சேரியில் கேட்கவே முடியாது. பெயர் தப்பிப் பிழைத்த ராகமும் அதே ராகமாக இருக்க வேண்டியதில்லை. 1550-இல் ராமாமாத்தியர் எழுதிய ஸ்வரமேளகலாநிதியில் முகாரி என்று சொல்லப்படுவது வேறு ஸ்வர வரிசை, இன்று நாம் கேட்டு உருகும் முகாரி வேறு. பைல் பெயர் அதேதான், உள்ளே இருப்பது வேறு!

நாம் இன்று காலையில் கேட்கிற அன்னமாச்சாரியார் பாட்டுகளின் மெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் போட்டவை. ராள்ளபள்ளி சர்மா பல பாட்டுகளுக்கு மெட்டமைத்தார். பாலமுரளி கிருஷ்ணா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் அமைத்தார்கள். 1978-இல் தேவஸ்தானம் அன்னமாச்சார்யா பிராஜக்ட் தொடங்கியது. அடுத்து எம்.எஸ். அம்மாவின் பாலாஜி பஞ்சரத்னமாலை இசைத்தட்டுகள் வந்தன, நம் வீடுகளுக்கெல்லாம் பாட்டு வந்து சேர்ந்தது. கேட்கக் கேட்க அமிர்தம். ஆனால் பெத்த திருமலாச்சாரியார் கேட்டால் வரி புரியும், "இது எந்த மெட்டப்பா?" என்பார்.

தகடு பத்திரம், எழுத்து பத்திரம், துபாஷி போய்விட்டார்.

என் வீட்டுச் சமாசாரம் ஒன்று சொல்கிறேன். 2019 லீவில் சித்தூர் போயிருந்தபோது சித்தப்பா ஒரு பொட்டியை எடுத்துக் கொடுத்தார். 2008-இல் வாங்கியது, 160 ஜிபி. மூச்சுத் திணறுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு இருந்தது.

"ஏம்ப்பா, பொட்டி நல்லாத்தானே கீது? உள்ள பெரிசா ஒண்ணு போட்டா ஆவாதா?"

"ஆவும் சித்தப்பா. இது சாட்டா பொட்டிதான், போட்டுடலாம்."

உள்ளே இருந்தது ஒன்பதரை மில்லிமீட்டர் உயரத் தட்டு. இரண்டரை இஞ்சிலேயே பெரிய கொள்ளளவுத் தட்டுகள் சில 15 மில்லிமீட்டர் இருக்கும், இந்தப் பொட்டியில் நுழையாது. ஏழு மில்லிமீட்டர் எஸ்எஸ்டி 1 டிபி வாங்கினோம். யுஎஸ்பி 2.0 வாசல் கொடுக்கும் 500 மில்லி ஆம்பியர் கரண்டுக்கும் பெரும்பாலும் அதுதான் தோது. பழைய தட்டில் இருந்ததை முதலில் லேப்டாப்பில் பிரதி எடுத்து, எண்ணிச் சரிபார்த்து, அதற்கப்புறம்தான் பொட்டியைப் பிரித்தேன்.

அந்தப் பிரதியில் ஒரு போல்டர் நிறைய பாட்டு. எங்க ஆயா பாடியது. நலங்குப் பாட்டு, கும்மி, தாலாட்டு, தமிழும் தெலுங்கும் கலந்து, எங்க ஊர் நாக்கு மாதிரியே. 1980-களில் டேப் ரெக்கார்டரில் பிடித்து, பிறகு யாரோ எம்பி3 ஆக மாற்றியிருக்கிறார்கள். பைல் பெயர்கள்? டிராக் 1, டிராக் 2, டிராக் 3... இப்படி 41 வரைக்கும். என்ன பாட்டு, யார் கல்யாணத்துக்குப் பாடியது, கூடப் பாடுகிற இன்னொரு குரல் யாருடையது, ஒன்றும் இல்லை. ஆயா போய் ரொம்ப வருஷம் ஆகிவிட்டது.

திருமலைத் தகட்டில் பெயர் இருக்கிறது, மெட்டு இல்லை. எங்க வீட்டுத் தட்டில் மெட்டு இருக்கிறது, பெயர் இல்லை.

எடையும் உயரமும் பார்த்துத் தட்டு வாங்கியாயிற்று, மாட்டியும் ஆயிற்று. இரண்டு ராத்திரி சித்தப்பாவை உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் போட்டேன். "இது உங்க பெரியத்தை வளைகாப்புல பாடினது... கூட இழுக்கிறாளே, அவ காணிப்பாக்கத்து அக்கா... இது ஆயாவுக்கு அவங்க அம்மா சொல்லிக் குடுத்தது." நான் தட்டச்சு செய்துகொண்டே வந்தேன். 41-இல் 33-க்குப் பெயர் வந்தது. மீதி எட்டுக்கு அவருக்கும் தெரியவில்லை. அவருக்கு மூத்தவர்கள் யாரும் இப்போது இல்லை.

இனி உங்களுக்கு. தட்டு மாற்றப் போகிறீர்கள் என்றால் பொட்டிக்குள் இருப்பது ஐடிஇயா சாட்டாவா பாருங்கள். சில பொட்டிகளில் யுஎஸ்பி வாசலைத் தட்டின் போர்டிலேயே பற்ற வைத்திருப்பார்கள், அதில் வேறு தட்டு மாட்டவே முடியாது. உயரம், கரண்டு, துபாஷியின் எண்ணிக்கை வரம்பு மூன்றையும் பாருங்கள். பழைய பொட்டி வழியாகவே பிரதி எடுங்கள், பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பிரதி சரியா என்று பார்க்காமல் பழசைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட கதையை உ.வே.சா. எழுதியிருக்கிறார், நாமும் அதைச் செய்ய வேண்டாம். எஸ்எஸ்டியை வருஷக்கணக்கில் கரண்டே காட்டாமல் பீரோவில் பூட்டி வைத்தால் எழுதியது மெல்ல மங்கிப் போகலாம், அது செம்பு இல்லை.

அதோடு ஒரே ஒரு வேலை அதிகமாகச் செய்யுங்கள். தட்டு மாற்றுகிற அன்றைக்கு வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவில் இருப்பது யார், பாடுவது யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டு, சாதாரண டெக்ஸ்ட் பைலில் எழுதி அதே போல்டரில் வையுங்கள். ஐநூறு வருஷம் தாங்குகிற செம்புகூட, தன்னில் வெட்டாத ஒன்றைக் காப்பாற்றவில்லை.

அடுத்த முறை திருமலை போனால் உண்டியலில் காணிக்கை போட்டுவிட்டு ஒரு நொடி எதிர்ப்பக்கம் திரும்பிப் பாருங்கள். வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு உருவம் செதுக்கியிருக்கும், அப்பாவும் மகனும் என்பார்கள். பாடியவர் ஒருவர், பிரதி எடுத்தவர் ஒருவர்.